குழந்தை வரைந்த படத்துக்கு என்ன மார்க் போடுவது?

மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் தீபாவளியை ஒட்டி ஒரு முறை, மே மாதம் முதல் தேதியை ஒட்டி ஒரு முறை, ‘பிரகதி புஸ்தக்’ வீட்டுக்கு வரும். புனேயில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு நன்கு பழகிய பொருள்தான். கணக்கு, ஆங்கிலம், மராத்தி, இந்தி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிற கண், கீழே ‘கலா’ என்ற வரிக்கு வந்ததும் கொஞ்சம் தடுமாறும். அங்கே ஏ-1, பி-2 என்று ஏதோ ஓர் எழுத்து இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் தொடக்க வகுப்புகளில் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், இதைப் பற்றி என்னிடம் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. “டீச்சர், எங்க பொண்ணு வீட்ல நாள் பூரா வரைஞ்சுக்கிட்டே இருக்கா. ஸ்கூல்ல பி-2 போட்டிருக்காங்களே, ஏன்?” என்று ஒருவர் கேட்பார். “பையனுக்கு ஏ-1 வந்திருக்கு, ட்ராயிங் க்ளாஸ்ல சேர்த்துடலாமா?” என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், அந்த எழுத்து எதை அளந்து போடப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பிரகதி புஸ்தகத்தில் இருக்கும் எழுத்து

2009-ம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்று சொன்னது. அதையொட்டி 2010 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு ஒரு விதிமுறை வெளியிட்டது. மதிப்பீட்டை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பாடம் நடக்கும்போதே பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்வது ‘ஆகாரிக்’. பருவ முடிவில் தேர்வு வைத்துப் பார்ப்பது ‘சங்கலித்’. தமிழ்நாட்டில் 2012-ல் முப்பருவ முறை வந்தபோது வளரறி, தொகுத்தறி என்று அழகான பெயர் வைத்தார்களே, அவைதாம் இவை.

மகாராஷ்டிர விதிப்படி 1, 2-ம் வகுப்புகளில் ஆகாரிக் 70, சங்கலித் 30. 3, 4-ல் 60-க்கு 40. மேலே போகப் போகத் தேர்வின் பங்கு கூடும். ஆனால் கலை, கார்யானுபவ், உடற்கல்வி ஆகிய மூன்றுக்கும் தேர்வே கிடையாது; நூற்றுக்கு நூறும் ஆகாரிக்தான். அதாவது, ஒரு நாள் உட்காரவைத்து ஒரு படம் வரையச் சொல்லி மார்க் போடக்கூடாது. ஆண்டு முழுவதும் குழந்தை என்ன செய்தது என்பதைக் கவனித்துத்தான் போட வேண்டும் என்பது விதியின் உட்கருத்து. கலை என்றால் சித்திரம் மட்டுமல்ல. சிற்பம், பாட்டு, வாத்தியம், நடனம், நாடகம் எல்லாம் அதில் அடக்கம். கிடைத்த மதிப்பெண்ணை ஒன்பது படிகளாகப் பிரித்து எழுத்தாக்குவார்கள். 91-க்கு மேல் ஏ-1, 81 முதல் ஏ-2, இப்படியே இறங்கி 33-க்குக் கீழே இ-1, இ-2. கூடவே ‘வர்ணனாத்மக் நோந்த்’ என்று ஒரு வருணனைக் குறிப்பும் எழுத வேண்டும். குழந்தையைப் பற்றி ஆசிரியர் தம் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டிய இடம் அது.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. பல மேலை நாட்டுப் பள்ளிகளில்கூட இத்தனை தெளிவாக ‘கலைக்குத் தேர்வு வேண்டாம்’ என்று எழுதி வைத்திருக்கமாட்டார்கள். நடைமுறையில் என்ன ஆகிறது? 1 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்குத் தனிச் சித்திர ஆசிரியர் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 6 முதல் 8 வரையிலும், நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேரக் கலை ஆசிரியர் என்று அட்டவணையில் இருக்கிறது. ஆகவே கணக்கும் பரிசர் அப்யாஸும் நடத்துகிற வகுப்பாசிரியையே சித்திரத்துக்கும் பொறுப்பு. நாற்பது, ஐம்பது பிள்ளைகள். எல்லாப் பாடத்துக்கும் குறிப்பு எழுத வேண்டும். கடையில் இதற்கென்றே ஆயத்தக் குறிப்புப் புத்தகங்கள் விற்கின்றன. ‘படம் வரைவதில் விருப்பம் உண்டு’, ‘வண்ணங்களைப் பொருத்தமாகப் பயன்படுத்துகிறான்’, ‘கையெழுத்தும் சித்திரமும் நேர்த்தி’ என்ற மாதிரி வரிகள் அதில் வரிசையாக இருக்கும். ஒருவருக்கு ஒன்று என்று எடுத்துப் போட்டுக்கொண்டே போகலாம். ஆசிரியைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தலையில் இருக்கிற எழுத்துவேலை எனக்குத் தெரியும். ஆனால் ஒரே வரி பதினைந்து பிள்ளைகளுக்கு இருக்குமானால் அது யாரைப் பற்றியும் எழுதிய வரியல்ல. நம் பெற்றோருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குறிப்பு பெரும்பாலும் மராத்தியில் இருக்கும். வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்து எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள்.

‘எலிமெண்டரி’ என்ற பெயரால் வந்த குழப்பம்

புனேயில் சித்திரம் என்றதும் எல்லார் வாயிலும் வருவது ‘எலிமெண்டரி, இண்டர்மீடியட்’. பேரைக் கேட்டுவிட்டு இது எலிமெண்டரி ஸ்கூல் பிள்ளைகளுக்கான பரீட்சை என்று நினைக்கிற நம்மவர்கள் பலர். அப்படியல்ல. மகாராஷ்டிர அரசின் கலை இயக்குநரகம் நடத்தும் ரேகாகலா கிரேடு தேர்வுகளில் முதல் படிக்குப் பெயர் எலிமெண்டரி, அடுத்த படிக்குப் பெயர் இண்டர்மீடியட். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. வஸ்துசித்ர், ஸ்மரண்சித்ர், சங்கல்ப்சித்ர், கர்தவ்ய பூமிதி என்று நான்கு தாள்கள். முதலாவதில் எதிரே வைத்த பானை, வாளி, பழம் இவற்றைப் பார்த்து வரைய வேண்டும். இரண்டாவதில் காய்கறிச் சந்தை, பஸ் நிறுத்தம் போன்ற ஒரு காட்சியை நினைவிலிருந்து வரைய வேண்டும். மூன்றாவது அலங்கார வடிவம். நான்காவதில் காம்பஸ், ஸ்கேல் வைத்து வடிவியல் வரைபடமும் எழுத்து வடிவமும். முடிவு ஏ, பி, சி என்று வரும்.

இந்தத் தேர்வின் வேர் நூறாண்டுக்கும் மேல் பழையது. பம்பாயில் 1857-ல் தொடங்கிய சர் ஜே.ஜே. கலைப்பள்ளியோடு தொடர்புடையது. அதற்கும் முன்னால், 1850-லேயே நம் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் கலைப்பள்ளி தொடங்கிவிட்டார் என்பதைப் பெருமைக்காக இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தெற்கு கென்சிங்டன் முறை என்று ஒன்று கோலோச்சியது. ஹென்றி கோல் என்பவர் தலைமையில், தொழிற்சாலைகளுக்கு வேண்டிய வடிவமைப்பாளர்களை உண்டாக்குவதற்காகச் சித்திரத்தைப் படிப்படியாக வகுத்து, ஒவ்வொரு படிக்கும் பரீட்சை வைத்தார்கள். நேர்கோடு, வளைகோடு, கன உருவம், நிழல், அலங்காரம் என்று ஏணிப்படி மாதிரி ஏற வேண்டும். இந்தியாவின் கலைப்பள்ளிகளுக்கும் அந்த ஏணிதான் வந்தது. தமிழ்நாட்டில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு என்று லோயர், ஹையர் எழுதி, அதை வைத்து ட்ராயிங் மாஸ்டராகப் போனவர்கள் நம் குடும்பங்களிலேயே இருப்பார்கள். அதுவும் இதே வம்சந்தான்.

கிரேடு தேர்வைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியல்ல. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தானே விரும்பி, பானையின் வாய் ஏன் நீள்வட்டமாகத் தெரிகிறது என்று கற்றுக்கொண்டு வரைந்தால், அதற்கு ஒரு பொது அளவுகோல் இருப்பதில் தவறில்லை. சித்திரம் கைப்பழக்கத்தால் வருவது என்று ஔவையார் பெயரில் நாம் சொல்லிக்கொள்வதும் இதைத்தான். நீள்வட்டம் சரியா தப்பா என்பதை யார் பார்த்தாலும் சொல்லலாம். பயிற்சி செய்தால் சரியாகும். அளக்கக்கூடிய விஷயத்தை அளக்கிறார்கள். இண்டர்மீடியட் தேறினால் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.சி.யில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. ஒரு காலத்தில் ஏ-க்கு 15, பி-க்கு 10, சி-க்கு 5 என்று இருந்தது. பின்னர் 7, 5, 3 என்று குறைத்தார்கள். மகேந்திரவர்ம பல்லவனுக்குச் சித்திரகாரப்புலி என்று பட்டம் இருந்தது. அவனுக்கு ஒரு மார்க்கும் சேர்த்துப் போட்டதாகத் தெரியவில்லை!

சங்கடம் எங்கே வருகிறது என்றால், அந்த ஏழு மார்க்கின் நிழல் இரண்டாம் வகுப்பு வரை நீள்கிறபோது. கோத்ரூடிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் மாடிக்கு மாடி ட்ராயிங் க்ளாஸ். ‘பிற்பாடு எலிமெண்டரிக்கு உதவும்’ என்று ஆறு வயதுக் குழந்தையைக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து வரைதல். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, வானத்தில் கவிழ்த்துப் போட்ட ‘வி’ மாதிரி நாலு பறவை. கோடு தாண்டாமல் ஆயில் பேஸ்டல் தேய்க்க வேண்டும். இருபது பிள்ளைகள், இருபது ஒரே படம். அதைப் பார்த்துப் பழகிய பெற்றோருக்கும், ஏன், வகுப்பாசிரியைக்கும்கூட, ‘நல்ல படம்’ என்றால் அதுதான் என்று ஆகிவிடுகிறது. அரசு விதி நூறு சதவீதம் ஆகாரிக் என்கிறது. கையில் எடுக்கும் அளவுகோலோ பதின்மூன்று வயதுக்கான கிரேடு தேர்வினுடையது.

ஏழு வயதுக் கை என்ன செய்கிறது?

குழந்தைகளின் சித்திரம் பெரியவர்கள் சித்திரத்தின் அரைகுறைப் பிரதியல்ல என்பதை உலகம் ஒப்புக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. பிரான்சில் லூக்கே என்பவர் 1927-ல் எழுதிய நூலில், குழந்தை கண்ணால் காண்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்று விளக்கினார். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற விக்டர் லோவன்ஃபெல்டு 1947-ல் வெளியிட்ட நூலில் வயதுவாரியாகப் பருவங்களைப் பிரித்துக் காட்டினார். இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல். நான்கு முதல் ஏழு வரை உருவம் தேடும் பருவம். தலையிலிருந்து நேராகக் கால் முளைக்கும் மனிதர்கள் இப்போதுதான் வருவார்கள். ஏழு முதல் ஒன்பது வரை குழந்தை தனக்கென்று ஓர் எழுத்து மாதிரி உருவம் வைத்துக்கொள்ளும்: மரம் என்றால் இப்படி, அப்பா என்றால் இப்படி. தாளின் அடியில் ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தும். சாலையின் இருபுறத்து வீடுகளையும் இரண்டு பக்கம் மடித்துச் சாய்த்து வைக்கும். முக்கியமானது பெரிதாக இருக்கும். கணபதி விசர்ஜன ஊர்வலத்தை வரையச் சொன்னால் பிள்ளையார் லாரியைவிடப் பெரிதாக இருப்பார். டோல் அடிக்கிறவனின் கை அவன் உடம்பைவிட நீளமாக இருக்கும். தப்பில்லை. அடிக்கிற கைதானே அங்கே முக்கியம்?

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு தமிழ்ப் பெண் குழந்தை. ‘நான் போன பயணம்’ என்று வகுப்பில் தலைப்புக் கொடுத்தார்கள். அவள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸை வரைந்தாள். பெட்டியின் சுவர் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் தெரிகிறார்கள். மேல் பர்த்தில் அண்ணன், கீழே பாட்டி, பாட்டி மடியில் பாட்டியளவுக்கே ஒரு தயிர்சாதத் தூக்கு. ஜன்னலுக்கு வெளியே புனேயும் திருநெல்வேலியும் ஒரே சமயத்தில். லோவன்ஃபெல்டு இதை எக்ஸ்ரே படம் என்பார். அந்த வயதுக்கே உரிய, யோசித்துச் செய்த தீர்வு. உள்ளேயும் தெரிய வேண்டும், ரயிலும் ரயிலாக இருக்க வேண்டும் என்றால் வேறு எப்படி வரைவது? பள்ளியில் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் ‘சுவர் எங்கே?’ என்று எழுதி, பத்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். ஆண்டு முடிவில் சி-1. மறு ஆண்டு அவளை க்ளாஸில் சேர்த்தார்கள். தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் போய் முடிகிற ரயில் வரையக் கற்றுக்கொண்டாள், பி-1 வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்த ரயிலில் ஆள் யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் தானாக உட்கார்ந்து வரைந்து நான் பார்க்கவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்பது, பத்து வயதில் குழந்தைகளுக்குத் தங்கள் படத்தின்மேல் தாங்களே சந்தேகப்படும் பருவம் ஒன்று இயற்கையாகவே வருகிறது. ‘நான் வரைஞ்சா நிஜம் மாதிரி இல்லை’ என்பார்கள். அதுவரை நாளெல்லாம் வரைந்தவர்கள் பென்சிலைக் கீழே வைப்பது பெரும்பாலும் அப்போதுதான். சரியாக அந்த நேரத்தில் வெளியிலிருந்தும் ஒரு சி-1 வந்து சேர்ந்தால் அந்தச் சந்தேகத்துக்குப் பள்ளியே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிறது. கணக்கில் சி-1 வந்தவன் கணக்கை விட்டுவிட முடியாது. அடுத்த ஆண்டும் போட்டுத்தான் ஆக வேண்டும். சித்திரத்தை விட்டுவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

குழந்தையின் படத்தை எண்களால் அளக்கவே முடியாதா என்றால், அளந்திருக்கிறார்கள். ஃப்ளோரன்ஸ் குட்எனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1926-ல் ‘ஒரு மனிதனை வரை’ என்ற சோதனையை வெளியிட்டார். கண் உண்டா, கழுத்து உண்டா, விரல் ஐந்தா என்று 51 அம்சங்களுக்குப் புள்ளி. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றபடி அதைத் திருத்தி அமைத்தவர் பரோடாவின் பிரமிளா பாடக். ஆனால் அந்தச் சோதனை அளப்பது குழந்தையின் அறிவு வளர்ச்சியை. படம் அழகா இல்லையா என்பதற்கு அதில் ஒரு புள்ளியும் கிடையாது. எதற்காக அளக்கிறோம் என்று தெரிந்து அளந்தவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார்கள் பாருங்கள்.

பரிசு கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?

‘ஊக்கம் வேண்டாமா டீச்சர்?’ என்று கேட்பார்கள். இதற்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு பதில் சொல்கிறது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள். ஒரு பிரிவினரிடம், ‘வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைவிலிருந்து பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்றவர்களைப் போல ஏறக்குறையப் பாதி நேரந்தான் வரைந்தார்கள். பரிசுக்காக வரைந்தபோது படங்களின் எண்ணிக்கை கூடியது, தரம் குறைந்தது.

இன்னொன்று நம் சொசைட்டி கணேசோத்சவத்துக்கே பொருந்தும். தெரெசா அமாபிலே என்பவர் 1982-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரு குடியிருப்பு வளாகத்தில் ஏழு முதல் பதினொரு வயதுப் பெண் குழந்தைகளைக் கூட்டி, காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். ஒரு கூட்டத்துக்குப் ‘போட்டி, பரிசு உண்டு’ என்று அறிவிப்பு. இன்னொரு கூட்டத்துக்கு அதே பரிசுகள் குலுக்கல் முறையில். யார் எந்தக் கூட்டம் என்று தெரியாத நடுவர்கள், போட்டிக்குச் செய்த படங்களில் படைப்பாற்றல் குறைவு என்று மதிப்பிட்டார்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் 5, 6-ம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனை சித்திரத்தைப் பற்றியது அல்ல, ஆனாலும் நமக்கு வேண்டியது. குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு ஆர்வமும் செயலும் வளர்ந்தன. மார்க் மட்டும் பெற்றவர்களுக்கு வளரவில்லை. குறிப்பும் மார்க்கும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் வளரவில்லை. மார்க் இருந்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை! நம் பிரகதி புஸ்தகத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது?

மதிப்பீடே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் நேர அட்டவணையில் சித்திர வகுப்புப் போய் அங்கே கணக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். இது பள்ளிக்கூட நடப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2005-ம் ஆண்டுக் கலைத்திட்டத்தையொட்டி அமைந்த தேசியக் குழு, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பரிந்துரைத்ததும் இந்தப் பயத்தினால்தான். 2024-ல் என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புக்கு ‘பான்சுரி’ என்றும் ஆறாம் வகுப்புக்குக் ‘கிருதி’ என்றும் கலைக்கெனத் தனிப் பாடநூலே கொண்டுவந்துவிட்டது. ஆக, பாடம் இருக்கும், எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து எதிலிருந்து வருகிறது என்பதைத்தான் மாற்ற முடியும்.

வழி ஒன்றும் புதிதல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1980-களில் பிட்ஸ்பர்க் பள்ளிகளோடு சேர்ந்து நடத்திய ஆர்ட்ஸ் ப்ரொபெல் என்ற திட்டத்தின் மையமே ஒரு கோப்புதான். குழந்தை வரைந்தது எல்லாம், அடித்துத் திருத்தியதும் பாதியில் விட்டதும்கூட, தேதி போட்டு அதில் இருக்கும். நம் மகாராஷ்டிரத்துச் சேவாகிராமில், 1944 முதல் காந்தியின் நயீ தாலீம் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்த தேவி பிரசாத், கலையே கல்விக்கு அடித்தளம் என்று ஒரு நூலே எழுதினார். அவரும் முடிந்த படத்தைவிடப் படம் செய்கிற குழந்தையைத்தான் பார்த்தார்.

வகுப்பில் நான் செய்துவந்தது மிகச் சாதாரணம். பழைய காலண்டர் அட்டையை மடித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறை. ஜூனில் முதல் வாரம் ஒரு தலைப்பு, எப்போதும் ஒரே தலைப்பு: ‘எங்கள் வீடு இருக்கும் தெரு’. பிப்ரவரியில் மீண்டும் அதே தலைப்பு. நடுவில் வரைந்தவை அவ்வப்போது உறைக்குள் போகும். நாற்பத்தைந்து பிள்ளைகளையும் ஒரே நாளில் யாராலும் கவனிக்க முடியாது. வாரத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வாரத்தில் ஒரு சுற்று முடியும். அந்த ஐந்து பேரிடம் மட்டும் அந்த வாரம் போய் உட்கார்ந்து, ‘இதுல என்ன நடக்குது, சொல்லு’ என்று கேட்பேன். ‘நல்லா இருக்கு’ என்று சொல்வதைக் கூடியவரை தவிர்ப்பேன். அதுவும் ஒரு மார்க்தானே. குறித்துக்கொள்வது பார்த்ததை மட்டும்: ‘பால்காரரின் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் கேன் தொங்குவதைக் கவனித்து வரைந்திருக்கிறான்’, ‘மஞ்சளும் நீலமும் கலந்து தானே பச்சை கண்டுபிடித்தாள்’, ‘ஜூனில் ஆட்கள் எல்லாரும் நேரே பார்த்தார்கள், இப்போது ஒருவன் திரும்பி நடக்கிறான்’. பருவ முடிவில் எழுத்துப் போட வேண்டுமென்றால் இந்த வரிகளிலிருந்துதான் போட வேண்டும்: உற்றுப் பார்த்தது, புதிதாக முயன்றது, எடுத்ததைத் தொடர்ந்து செய்தது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையோடு ஒப்பிட அங்கே இடமே வராது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் மாணவரின் தன்மதிப்பீடும் சக மாணவரின் மதிப்பீடும் இருக்க வேண்டும் என்கிறது. ஏழு வயதுக் குழந்தையிடம் ஜூன் படத்தையும் பிப்ரவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் அந்தத் தன்மதிப்பீடு தானாக நடக்கும். ‘ஐயே, அப்ப எனக்கு வீட்டுக்குக் கதவு போடவே தெரியலை!’ என்று அதுவே சிரிக்கும்.

நம் பிள்ளைகளுக்கென்று ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன் வகுப்பில் ராங்கோளி போடச் சொல்வார்கள். மராத்திய ராங்கோளியிலும் புள்ளி உண்டு. புள்ளிகளைக் கோட்டால் சேர்த்து உள்ளே வண்ணம் நிரப்புவார்கள். நம் வீட்டில் பாட்டியிடம் கற்ற குழந்தை சிக்குக் கோலம் போடும், கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும், வண்ணம் இருக்காது. பார்க்கிறவருக்கு அது முடிக்காத ராங்கோளி மாதிரிப் படலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி 1970-களிலேயே கணிப்பொறி இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்த வடிவம் அது என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு எப்படித் தெரியும்? இதில் மனத்தாங்கல் கொள்ள ஒன்றுமில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு வரி சொன்னால் போதும். நான் சொல்லிக் கேட்காத ஆசிரியை இதுவரை இல்லை. ஒருவர் அந்தக் குழந்தையை வகுப்பில் எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கவே வைத்தார்.

ஆகவே பி-2 வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எழுத்தைப் பற்றிப் பள்ளியில் போய் விவாதிக்க வேண்டாம். ‘இந்த ஆண்டு அவள் வரைந்த படங்களைப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். குறிப்பு மராத்தியில் இருந்தால் பக்கத்து வீட்டு ஆஜியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றிய வரியா, எல்லாருக்கும் பொதுவான வரியா என்று உடனே தெரிந்துவிடும். கிரேடு தேர்வை ஏழாம் வகுப்பு தாண்டியதும், பிள்ளை ஆசைப்பட்டால், யோசிக்கலாம்; அதற்கு ஓர் ஆண்டுப் பயிற்சி தாராளம். இன்னொன்று: ஆண்டு முடிந்ததும் பள்ளிக்கூடத்துப் பழைய தாள்கள் எல்லாம் கட்டாகக் கட்டி ரத்திக்காரரிடம் போய்விடும். படங்கள் வேண்டுமென்றால் மே முதல் தேதி ரிசல்ட் வாங்கப் போகும்போதே கேட்டு வாங்கி, பின்பக்கம் தேதியும் குழந்தையின் வயதும் எழுதி வைத்துவிடுங்கள்.